ஈசானிய மூலையில் ஓர் ஆங்கில அடுப்பு

எம்.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு ஒரே ஒரு பேப்பர் நின்றுபோனது. 'சமகால பிரிட்டிஷ், ஐரிஷ் நாடகங்களும் அவற்றின் சமூகச் சூழலும்' என்பது அதன் பெயர். எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். செமினாரில் பூஜ்யம்.

அதற்குக் காரணம் ஜெராக்ஸ் கடை. திருப்பதியில் எங்கள் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் சப்ஜெக்டைச் சொன்னால் போதும், செமினார் பேப்பர் தயாராகக் கிடைக்கும். "டிராமாவா? பிரிட்டிஷா, அமெரிக்கனா?" என்று மருந்துக் கடையில் மாத்திரையின் பவர் கேட்பதுபோலக் கேட்பார் கடைக்காரர். எனக்குக் கொடுத்த அதே பேப்பரை என் வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார். முதலில் ஒரு பெண் எழுந்து வாசித்தாள். நாடக மேடம் தலையாட்டிக் கேட்டார். அடுத்து வந்த பையன் இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். மூன்றாவது நான். எங்கே போவது? அதே பேப்பரை உணர்ச்சியோடு கடைசிவரை வாசித்தேன்.

"மூன்று பேரில் உன் வாசிப்புதான் நன்றாக இருந்தது" என்றார் மேடம். "யார் எழுதியது?"

"நான்தான் மேடம் எழுதினேன்."

பொய் சொல்லவில்லை. ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கக் கூச்சப்பட்டு, ராத்திரி பகலாக உட்கார்ந்து என் கையாலேயே முழுதும் எழுதியிருந்தேன். எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழிலும், சித்தூர் உயர்நிலைப் பள்ளியில் தெலுங்கிலும் நான் பன்னிரண்டு வருடம் எழுதியது எல்லாம் அப்படித்தான். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதுவோம். நன்றாக எழுதினால் 'குட்' போடுவார்கள். மற்ற இரண்டு பேரும் மேடத்தின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்தார்கள். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் நான் மட்டும் நின்றேன்.

மேடம் வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசமாட்டார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஒரு மாதம் தருகிறேன். பாடத்தில் இருக்கும் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள். கடைக்குப் போகாதே. சமூகச் சூழலை உன் கண்ணால் பார்த்து எழுது. வெளித் தேர்வாளர் முன்னால் வாசிக்கவேண்டும். இது கடைசி வாய்ப்பு."

இங்கிலாந்தின் சமூகச் சூழலைச் சித்தூரிலிருந்து கண்ணால் எப்படிப் பார்ப்பது என்று கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

எங்கள் பக்கம் அப்பா என்றால் நைனா. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். நைனா மேஸ்திரி. சின்ன வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பிறகு கொத்து வேலை கற்று, இன்று பத்து பேரை வைத்து வேலை வாங்குகிறார். எழுத்து அவருக்குக் கையெழுத்தோடு சரி, அதுவும் தெலுங்கில். ஆனால் வீட்டு ப்ளான் எதுவானாலும் படிப்பார்.

"பலமனேர்ல மார்க்கெட் கட்டடம் எழுப்பிக்கினு கீறாங்க. நம்ம காண்ட்ராக்டரு சூப்பர்வைசர் ஒருத்தன் வேணும்றாரு. அளவு எல்லாம் இங்கிலீஷ்ல எழுதணுமாம். பாஸ் ஆனா நீ மேல படி, நான் குறுக்க நிக்கல. ஆவலன்னா அன்னைக்கே பலமனேர் பஸ்."

"ரெண்டு நாள் கழிச்சிப் போறனே நைனா."

"ரெண்டு நாள்ல மனசு மாறிப்புடும். உன்னுது இல்ல. காண்ட்ராக்டருது."

கெட்ட வேலை இல்லை. எங்கள் காலனியில் பாதிப் பேர் அதற்கு வரிசையில் நிற்பார்கள். ஆனால் எனக்கு ஆராய்ச்சி செய்யவேண்டும், காலேஜில் பாடம் நடத்தவேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஆசைக்கும் பலமனேர் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு நாடகம் நின்றது.

அந்த நாடகத்தில் எதுவும் நடக்காது. எங்கள் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய சோதனை. கூத்தில் ஒருவன் உள்ளே வந்தால் தான் யார், எந்த நாட்டு ராஜா, எதற்கு வந்தேன் என்று பாடிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான். இந்த நாடகத்திலோ வந்தவன் ஜன்னலைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்கிறான். மௌனம். இன்னொருவர், வரலாம் என்கிறார். நீண்ட மௌனம். ஒரு பெண் டீ போடப் போகிறாள். முதல் அங்கத்தில் நான்கு தடவை டீ போடுகிறாள். ஒருவரும் குடிப்பதில்லை.

ஒன்றும் பிடிபடாமல், ஆரம்பத்தில் இருக்கும் மேடைக் குறிப்பையாவது புரிந்துகொள்ளலாம் என்று அதைப் படமாக வரைந்தேன். மூன்றாவது மாடி, நகராட்சி கட்டிக் கொடுத்த குடியிருப்பு. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. இடப்பக்கம் வெளிக்கதவு. வலப்பக்கம், முன்னால், சமையலறை. பின்சுவரில் ஜன்னல், அதன் வழியே சாயங்கால வெயில்.

வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு வந்த நைனா படத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் புத்தகம் ஒன்றின் அருகில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"யார் வூடு?"

"வெள்ளக்காரன் வூடு நைனா. நாடகத்துல வர்றது."

"எந்தப் பக்கம் பாத்த வூடு?"

"அது எழுதல."

"தெச இல்லாம இன்னா ப்ளான் போட்டான்? படி, கேப்போம்."

மேடைக் குறிப்பைத் தமிழில் சொன்னேன். சாயங்கால வெயில் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"சாய்ங்கால வெயில் உள்ள வருதுன்னா அந்த செவுரு மேக்கு. நாம கெழக்க நின்னு மேக்க பாத்துக்கினு கீறோம். வலது கை பக்கம் வடக்கு. அடுப்பு எங்க? வலப்பக்கம், முன்னால." பென்சில் அங்கே போய் நின்றது. "ஈசானிய மூல."

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர்போல மூச்சை இழுத்து விட்டார். வடகிழக்கு சாமி மூலை. தண்ணீர் இருக்கலாம், பூஜை அறை இருக்கலாம், நெருப்பு கூடாது. அடுப்புக்கு உரியது தென்கிழக்கு, அக்னி மூலை. எங்கள் பக்கம் மாட்டுக்கொட்டகை கட்டுகிறவனும் இதைப் பார்க்காமல் கடைக்கால் தோண்டமாட்டான்.

"கதவு இடப்பக்கம். தெக்கு வாசல் வேற. இந்த ஆளுக்கு இன்னா ஆவுது?"

"வேல போயிடுது நைனா."

"போவாம? பொண்டாட்டி?"

"வுட்டுட்டுப் போயிட்டா."

"போவா. புள்ள குட்டி?"

"ஒரே பொண்ணு. பத்தொம்போது வயசு. வெளியூர் போயி வேல பாக்கணும்ன்றா. போவ முடியாம வூட்லயே கீறா."

"எப்பிடி முடியும்?" என்றார் நைனா. கதையே கேட்காமல் அந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆளு இன்னா வேல?"

"அயர்லாந்துலருந்து இங்கிலாந்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவன்."

நைனா பென்சிலைக் கீழே வைத்தார். "கட்டட வேல பாக்கறவனா? அவனே எப்பிடி இந்த வூட்ல பூந்தான்?"

"கவர்மெண்டு குடுத்தது நைனா. கட்டி முடிச்சிச் சாவி குடுத்துட்டாங்க."

எங்கள் வீடும் அப்படி வந்ததுதான். காலனியில் எங்களுக்குச் சாவி கொடுத்தபோது அடுப்பு மேடை வடகிழக்கில் இருந்தது. இன்ஜினீயர் யாரையும் கேட்கவில்லை. நைனா மறுவாரமே சுவரை இடித்து அடுப்பை மாற்றினார். வெள்ளைக்காரனுக்கு மூன்றாவது மாடி. இடிக்க முடியாது.

"நாலு தடவ டீ போட்டு ஒருத்தரும் குடிக்கலன்னு சொன்னியே" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "பாலு இன்னா ஆச்சி?"

"தெரில மா."

"குடிக்கறதுக்கு இல்லடா அது. பேச்சு புடிக்கலன்னா டீ போடறேன்னு எழுந்து உள்ள பூந்துக்கலாம். யாரும் தப்பு சொல்லமாட்டாங்க."

அதைக் காதில் வாங்கினேனே தவிர எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு மூலை கிடைத்துவிட்ட சந்தோஷம். பதினைந்து பக்கம் எழுதினேன். இந்தத் தடவை எதையும் பார்த்து எழுதவில்லை. ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் அரசாங்கம் அவர்களை எதுவும் கேட்பதில்லை. அவர்கள் எங்கே சமைப்பார்கள், எங்கே நிற்பார்கள் என்பது அதிகாரிக்குப் பொருட்டில்லை. நெருப்பைத் தவறான மூலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். குடும்பம் சிதறுகிறது. இங்கிலாந்தானாலும் எங்கள் காலனியானாலும் கதை ஒன்றே. இதுதான் என் வாதம். நைனாவிடம் வாசித்துக் காட்டினேன். ஆங்கிலம் புரியாவிட்டாலும், 'ஈசானிய' வரும் இடத்தில் எல்லாம் சரியாகத் தலையாட்டினார்.

செமினார் அன்று நைனாவும் கூட வந்தார். கையில் என் துணிப்பெட்டி. "எப்பிடியும் பஸ் ஸ்டாண்டு வழியா தான் போவணும்" என்று மட்டும் சொன்னார். வராந்தாவில் ஜன்னலோரமாக ஒரு பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளித் தேர்வாளர் வயதான தெலுங்குக்காரர். காலையில்தான் திருமலையில் தரிசனம் முடித்து இறங்கியிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. மேடத்துக்கு லட்டுப் பிரசாதம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி என் பேப்பரைக் கேட்டார். தரிசனம் முடித்த முகத்தில் இருந்த சாந்தி என் பதினைந்து பக்கமும் மாறவில்லை. ஜூனியர் மாணவர்கள் முப்பது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ப்ளானை வரைந்து, திசை போட்டு, அடுப்பின் மேல் பெருக்கல் குறி போட்டு முடித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "ஒரே ஒரு சந்தேகம். வலப்பக்கம் சமையலறை என்கிறாய். யாருடைய வலப்பக்கம்?"

"சார், வலப்பக்கம் சார்."

"கரும்பலகைக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து நில். நீ இப்போது நடிகன். வலது கையைத் தூக்கு."

தூக்கினேன். என் கை நேராகக் கதவைக் காட்டியது. அடுப்பு என் இடப்பக்கம் இருந்தது.

"மேடைக் குறிப்பில் இடம், வலம் எல்லாம் மேடையில் நிற்கிறவனுடையது. பார்க்கிறவனுடையது இல்லை. இது முதல் வருடத்தில் வரும் பாடம். திருப்பிப் போடு."

அழித்துவிட்டு மாற்றி வரைந்தேன். கதவு வடக்கே போனது. அடுப்பு நகர்ந்து தென்கிழக்கில், அக்னி மூலையில், அம்சமாக உட்கார்ந்தது. தேர்வாளர் முன்னால் குனிந்து பார்த்தார். அவர் ஆங்கிலம் சட்டென்று தெலுங்குக்குத் தாவியது.

"உத்தர வாகிலி. அக்னி மூல. மா இல்லு கூட இலாகே கட்டாமய்யா" என்றார். வடக்கு வாசல், அக்னி மூலை, எங்கள் வீடும் இப்படித்தான் கட்டினோம் என்று பொருள். "இந்த ப்ளானுக்காக வாஸ்து பார்க்கும் சித்தாந்தி வீட்டுக்கு மூன்று மாதம் அலைந்தேன். இதைவிட நல்ல வீடு கிடையாது."

முப்பது ஜூனியர்களும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "மூலையை எடுத்துவிட்டால் உன் பதினைந்து பக்கத்தில் என்ன மிச்சம்?"

ஜன்னலில் நைனா எழுந்து நிற்பது தெரிந்தது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார்.

கரும்பலகையைப் பார்த்தேன். திருப்பிப் போட்ட அந்த வீட்டை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசித்ததும் தெரிந்துவிட்டது. அது எங்கள் பக்கத்து வீடு. காலனியில் இரண்டிரண்டு வீடாக, நடுவில் ஒரே பொதுச் சுவர் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நைனா இடித்து மாற்றுவதற்கு முன் இருந்த எங்கள் வீட்டைக் கண்ணாடியில் பார்த்தால் அது பக்கத்து வீடு. யாரும் நினைத்துச் செய்யாமலே அவர்களுக்கு அக்னி மூலையில் அடுப்பு அமைந்துவிட்டது.

"சார், இந்த வீட்டை எனக்குத் தெரியும்" என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை. பாதி ஆங்கிலம், மீதி தெலுங்காக இருக்கவேண்டும். "எங்கள் பக்கத்து வீடு இதுதான். எல்லா மூலையும் சரி. அந்த வீட்டில் ஓர் அக்கா பி.காம். முடித்து ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பா முன்னறையில் கட்டிலில் படுத்திருப்பார். நல்ல மனிதர். ஒரு நாளும் திட்டமாட்டார். அவள் கதவுப் பக்கம் வந்தால் 'எங்க?' என்று கேட்பார், அவ்வளவுதான். 'எங்கயும் இல்ல' என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். பொதுச் சுவர் என்பதால் எங்களுக்குக் கேட்கும்."

சாக்பீஸை எடுத்து சமையலறையிலிருந்து கதவுக்கு ஒரு கோடு போட்டேன். கோடு சாய்வு நாற்காலியைத் தொட்டுக்கொண்டுதான் போனது. முதலில் நான் தப்பாக வரைந்த ப்ளானிலும் அது அப்படித்தான் போயிருக்கும்.

"எப்படித் திருப்பினாலும் கதவு ஒன்றுதான் சார். வழியில் அப்பா இருக்கிறார். நாடகத்திலும் இவள் எழும்போதெல்லாம் அவர் எங்கே போகிறாய் என்று கேட்கிறார். எங்கே என்று யாரும் கேட்காத ஒரே இடம் சமையலறை. அதனால்தான் நான்கு தடவை டீ போடுகிறாள். குடிப்பதற்கு இல்லை. வேலை போன மனிதருக்கு உட்கார இன்னொரு அறை இல்லை, அவளுக்கு நிற்க இன்னொரு இடம் இல்லை. கட்டினவர்கள் இவர்கள் இரண்டு பேரையும் கேட்கவில்லை."

சிரிப்பு நின்றிருந்தது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. முப்பது பேர் முன்னால் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவளைக் கேட்காமல். இதை எழுதும்போதும் அந்தச் சங்கடம் போகவில்லை.

"டீயைப் பற்றி எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்று கேட்டார் மேடம்.

"எங்கம்மா சொன்னாங்க மேடம்."

"அதை அடிக்குறிப்பில் எப்படிப் போடுவாய்?"

தெரியவில்லை என்றேன். அவருக்கும் உடனே தெரியவில்லை போலும். பேனாவைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டார்.

அப்போது ஜன்னல் கம்பிக்கு அப்பாலிருந்து நைனாவின் குரல் வந்தது. வேலைக்காரர்களிடம் பேசும் தெலுங்கில் கேட்டார். "சார், அந்த நாற்காலிய செவுரு ஓரமா நகத்திப் போட்டா ஆவாதா?"

மொட்டைத் தலை திரும்பியது. "எவரு மீரு?"

"இந்தப் பையனோட அப்பா சார். மேஸ்திரி" என்றார் நைனா.

தேர்வாளர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "நகர்த்தினால் அந்தப் பெண் எப்போதோ போயிருப்பாள். அப்புறம் நாடகம் எப்படி நடக்கும் மேஸ்திரி?"

"அதுவும் சரிதான்" என்று நைனா பெஞ்சுக்குத் திரும்பினார்.

தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் மார்க் போட்டார்கள். ஒன்றுகூட அதிகமில்லை. ஒரு வாரத்தில் பேப்பரை முழுதாகத் திருத்தி எழுதிக் கொடுக்கவேண்டும், ஈசானிய மூலை ஒரே ஓர் இடத்தில்கூட வரக்கூடாது என்று மேடம் சொன்னார். அந்த அக்காவின் படிப்பு, ஊர் எதுவும் அடையாளம் தெரியாதபடி எழுது என்றும் சொன்னார். இங்கேயும் அவற்றை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

வெளியே வந்து நைனாவிடம் பாஸ் என்றேன். பெட்டியை என்னிடம் கொடுத்தார். இனி அது என் சுமை. நான் மேடைக் குறிப்பைத் தப்பாகப் படித்ததில் அவருக்குக் கோபம். எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று சொல்லாதவனை நம்பி மேஸ்திரி பேர் போயிற்று என்று ஒரு தடவை முணுமுணுத்தார். சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்துக் காண்ட்ராக்டருக்குப் போட்டார். எதிர்ப்பக்கம் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.

"பையன் வர்ல. வேற ஆளப் பாருங்க... ஆங், பாஸ் ஆயிட்டான்... இங்கிலீஷு... அதான், வெள்ளக்காரன் வூட்டப் பத்தி... இல்லங்க, கட்றதப் பத்தி இல்ல. கட்டி குடுத்துட்டுப் போயிட்டாங்கல்ல, அப்புறம் அதுல இருக்கறவங்க எப்பிடி கீறாங்கன்னு பாக்கறது."

எதிர்ப்பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. நைனா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு வேல உண்டான்னு இன்னும் தெரில" என்றார். "ஆனா அத யாராச்சும் பாக்கணும் இல்ல."